மார்கழிக் காலையில் வண்டி எடுக்கவில்லையா? பனியைத் திட்டாதீர்கள்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். விடிகாலை நாலே முக்காலுக்குப் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஆரம்பித்த கையோடு எதிர்வீட்டு வாசலில் இன்னொரு சத்தம் கேட்கும். ட்ர்ர்... ட்ர்... டக். கொஞ்ச நேரம் அமைதி, மறுபடியும் டக். அப்புறம் பானட் திறக்கும் ஓசை, டார்ச் வெளிச்சம், "பனி சார், அதான் எடுக்க மாட்டேங்குது" என்று யாருக்கோ போனில் சொல்லும் குரல். மன்னை எக்ஸ்பிரஸில் வரும் மருமகன் மன்னார்குடி ஸ்டேஷனில் பெட்டியோடு காத்திருக்க, இங்கே மாமனார் மப்ளரைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்.

பனி மேல் பழி போடுவதை முதலில் விடுவோம். நம் பக்கம் மார்கழியில் அப்படி என்ன குளிர்ந்துவிடும்? விடியற்காலையில் 20, 21 டிகிரி, ரொம்பப் போனால் அதற்கும் ஒன்றிரண்டு கீழே. நமக்கு அது போர்வைக் குளிர், இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. இதே மாடல் வண்டிகள்தான் டெல்லியில் 5 டிகிரியில் ஒரே சாவியில் கிளம்புகின்றன. ஆகவே திருவாரூரிலோ பட்டுக்கோட்டையிலோ உங்கள் வண்டி எடுக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒன்று ஏற்கனவே சரியில்லை, லேசான குளிர் அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் அது பேட்டரிதான். பேட்டரியைக் கெடுப்பதும் குளிர் இல்லை, வெயில். அக்னி நட்சத்திரத்தில் பானட்டுக்குள் கிடந்து வேகும்போது உள்ளே தகடு அரிக்கும், தண்ணீர் வற்றும், ஆனால் சூட்டில் ரசாயனம் சுறுசுறுப்பாக வேலை செய்வதால், இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எப்படியோ சுற்றிவிடும், நமக்கும் ஒன்றும் தெரியாது. மார்கழியில் பேட்டரி கொஞ்சம் மந்தம், இன்ஜின் ஆயில் கொஞ்சம் கெட்டி, செல்ஃபுக்குச் சுமை கொஞ்சம் கூடுதல், இந்த மூன்றும் ஒரே காலையில் சேரும்போது சித்திரையில் பட்ட அடி வெளியே வருகிறது.

சரி, வண்டி எடுக்கவில்லை. பானட்டைத் திறக்கும் முன் சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்கள், பாதி விஷயம் சத்தத்திலேயே இருக்கிறது.

டக்டக்டக்டக் என்று வேகமாக, தையல் மிஷின் மாதிரி கேட்டால் பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது பேட்டரியில் வயர் மாட்டும் முனை, அதாவது டெர்மினல், சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு டக், அதோடு சரி, ஆனால் ஹெட்லைட் நன்றாகப் பிரகாசமாக எரிகிறது என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் பக்கம் போக வேண்டும். ஊ...ர்...ர்... என்று இழுத்து இழுத்து, உரலில் மாவு ஆட்டுவது போலச் சுற்றினால் பேட்டரி கடைசிக் காலத்தில் இருக்கிறது. செல்ஃப் ஜம்மென்று சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவே இல்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், எரிபொருளோ தீப்பொறியோ வரவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். சத்தமே இல்லை, டேஷ்போர்டில் ஒரு விளக்கு கூட இல்லை என்றால் பேட்டரி முழுக்கக் காலி, இல்லையென்றால் வயர் கழன்றிருக்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் இதோடு இன்னொன்றும் பாருங்கள், ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகளில் வேலை செய்யும்.

இப்போது முறையாக எடுப்பது எப்படி என்று பார்ப்போம், ஏனென்றால் நல்ல வண்டியைக் கூட அவசரத்தில் தப்பாக ஸ்டார்ட் செய்து பேட்டரியை இறக்கிவிடுகிறோம்.

ஏசி, ஹெட்லைட், பாட்டு எல்லாம் ஆஃப். கியர் நியூட்ரல், கிளட்ச் முழுக்க மிதி. கிளட்சை மிதித்தால் கியர்பாக்ஸில் கெட்டியாகக் கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுழற்ற வேண்டிய வேலை செல்ஃபுக்கு இல்லை. சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி அப்படியே நிறுத்துங்கள். டீசல் வண்டி என்றால் ஸ்பிரிங் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது ஹீட்டர் பிளக்குக்கான விளக்கு. டீசலில் தீப்பொறி கிடையாது, காற்றை அமுக்கி அமுக்கிச் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே எரிய வைக்கிற கதை. இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை உலோகம் குடித்துவிடும், அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு பிளக் சில நொடிகளில் பழுத்துச் சிவந்து உதவிக்கு வருகிறது. விளக்கு அணையும் வரை பொறுங்கள். ஒன்றிரண்டு நொடிதான், அதைக்கூடப் பொறுக்காமல் சாவியை ஒரே திருப்பாகத் திருப்புகிறவர்கள்தான் நம்மில் அதிகம். முதல் தடவை எடுக்கவில்லை என்றால் சாவியை அணைத்து, மறுபடி திருப்பி, விளக்கு இரண்டாம் முறை அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். பழைய டீசல்களுக்கு ஹீட்டர் பிளக் ரொம்ப முக்கியம். புது டீசல்கள் நம் ஊர்க் குளிருக்கு அது இல்லாமலே கூடக் கிளம்பிவிடும், ஆனால் ஒரு பிளக் போயிருந்தால் முதல் ஒரு நிமிஷம் வண்டி குலுங்கும், வெள்ளைப் புகை தள்ளும். அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

பெட்ரோல் என்றால் சாவியை ஒரு கட்டம் திருப்பியதும் பின் சீட் பக்கம் ஒரு மெல்லிய முனகல் கேட்கும், அது பெட்ரோல் பம்ப். இரண்டு நொடி விட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், சோக் இழுத்து எடுத்த பழைய அம்பாசிடருக்கும் பழைய மாருதி 800-க்கும் அது சரி. இப்போதைய வண்டியில் இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் பார்த்து, எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, நம் காலுக்கு அங்கே வேலை இல்லை. ரொம்ப நேரம் முயற்சி செய்து பெட்ரோல் வாடை வர ஆரம்பித்துவிட்டதா? ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை முழுக்கத் தரையோடு மிதித்து வைத்துக்கொண்டு சில நொடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போய் உள்ளே நனைந்து கிடப்பது காயும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

எந்த வண்டியானாலும் ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற சாமான், தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் கருகிவிடும், பேட்டரியும் மூச்சு விட நேரம் இல்லாமல் படுத்துவிடும். பத்து நொடி அடித்தால் அரை நிமிஷத்துக்குக் குறையாமல் இடைவெளி. மூன்று நான்கு தடவைக்கு மேல் எடுக்கவில்லை என்றால் ஐந்தாவது தடவையும் எடுக்கப் போவதில்லை, நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

பேட்டரி கதைக்கு வருவோம். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள், வீட்டு வேலைக்கும் ஆகும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், அது முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரத்திலும் பாருங்கள், 10-ஐ ஒட்டியோ மேலேயோ நின்றால் தேவலை, முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால் அந்த பேட்டரியை நம்பி வேளாங்கண்ணிக்குக் கூடப் போகாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை காட்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே நிற்கிறது என்றால் ஓட்டத்தில் பேட்டரியை நிரப்ப வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, அல்லது பெல்ட் வழுக்குகிறது, புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் நாலு நாளில் இறங்கும்.

புது பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன் டெர்மினலைப் பாருங்கள். தேய்க்காத செப்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பு மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். கரண்ட் போகிற வழியை அதுவே அடைத்துவிடும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம்தான் பிளஸ். மாற்றிச் செய்தால் பிளஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டு வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும், நான் ஒரு தடவை அந்தப் பொறியைப் பார்த்தேன், ஸ்பேனரில் இன்னமும் தழும்பு இருக்கிறது. ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் பொடி நுரைத்துப் பொங்கிக் கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை லேசாகத் தேய்த்து, இப்போது பிளஸை முதலில், மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். கையால் திருகினால் அசையவே கூடாது. மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட்டால் காற்று படாது. வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் என்று உப்புக் காற்று அடிக்கிற ஊர்க்காரர்கள் இதை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செய்யலாம், கும்பகோணத்துக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்தால் போதும். மூடி திறக்கிற பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஏசியில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிற நண்பர் எனக்கும் இருக்கிறார், சொன்னால் கேட்க மாட்டார்.

நானே பனியைத் திட்டியவன்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிப் போனதில் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் என் கார் ஒன்றில்தான் போன் சார்ஜ் ஏறியது. ஒரு நேரத்துக்கு நாலைந்து போன், இரவில் எல்.இ.டி. விளக்கு ஒன்று, நடுவில் யாரோ ஒரு குழந்தைக்கு நெபுலைசர். இன்ஜினைப் போடாமலே. நாலாம் நாள் சாவியைத் திருப்பினால் ஒரு டக் கூட இல்லை, டிராக்டர் பேட்டரியில் இருந்து கேபிள் போட்டு எடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் காரில் இருக்கும் பேட்டரி சட்டென்று நிறைய கரண்ட் கொடுத்து உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்தது, அடி வரை வற்ற விட்டால் அதன் ஆயுளில் ஒரு பங்கு போய்விடும். அடுத்த மாதம் மார்கழியில் தினமும் மக்கர். பனி, பனி என்று சொல்லிக்கொண்டே பானட் மேல் சாக்கு போட்டு மூடி வைத்தேன், ராத்திரி ராத்திரி. பொங்கலுக்கு முன்னால் புது பேட்டரி போட்டேன், அதே பனியில் அரைச் சுற்றில் எடுத்தது. சாக்கு மறுபடி கோழிக்கூண்டுக்கே போய்விட்டது.

இன்னொரு வண்டியில் இருந்து கேபிள் போட்டு எடுக்கும்போது வரிசை மாறக்கூடாது. சிவப்பு கேபிளை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில். கருப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையைப் படுத்த பேட்டரியில் இல்லை, அந்த வண்டியின் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசியாக மாட்டும் இடத்தில் சின்னப் பொறி வரும், பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். நல்ல வண்டியை ஐந்து நிமிஷம் ஓட விட்டு அப்புறம் செல்ஃப் அடியுங்கள், கழற்றுவது தலைகீழ் வரிசையில். டிராக்டர் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட்தான், கொடுக்கலாம். நெல் ஏற்ற வந்த லாரியில் இருந்து மட்டும் கேட்காதீர்கள், லாரியில் 24 வோல்ட், உங்கள் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் போய்விடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது நம் ஊரின் கூட்டு முயற்சி, தெருவே வந்து கை கொடுக்கும். சாவியை ஆன் செய்து, செகண்ட் கியரில் கிளட்சை மிதித்து, வண்டி ஓட ஆரம்பித்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். ஃபர்ஸ்ட் கியர் போட்டால் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்தப் பேச்சே கிடையாது. இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஸ்டீயரிங்கும் இறுகிக் கிடக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சம்பா வயல், நடுவில் ஒற்றை வண்டித் தடம் என்கிற நம் கரைச் சாலைகளில் அந்த வேலை வேண்டாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இங்கே இரண்டு மூன்று சந்தேகம். பழைய பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் வயர் விரிசல் விட்டிருந்தால் பனி ஈரத்தில் தீப்பொறி வழியிலேயே கசிந்து போகும், இருட்டில் பானட்டைத் திறந்து யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொன்னால் நீலமாகப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைக்கு ஓடும், வயரை மாற்றினால்தான் நாளைக்கும் ஓடும். டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், மழைக்காலத்தில் பீப்பாயில் வைத்து ஊற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். பல டீசல் ஃபில்டர்களின் அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். டீசல் மட்டும் வரும் வரை விட்டு இறுக்குங்கள். ஸ்டார்ட் ஆவதற்காக ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கிற வித்தையை ஹீட்டர் பிளக் உள்ள டீசலில் செய்யவே கூடாது, நேரம் தப்பி வெடித்து இன்ஜினை உடைக்கும்.

மூன்றாவது சந்தேகம் எலி மேல். வயலில் தண்ணீர் நிற்கும்போதும் தை அறுப்பு முடிந்ததும் எலி வரப்பை விட்டுக் கிளம்பி, சூடாக இருக்கும் இடம் தேடி நேராக நம் பானட்டுக்குள் வந்து குடியேறும். ஒரு மார்கழிக் காலையில் பானட்டைத் திறந்தால் பேட்டரி மேலே வைக்கோல், ஒரு பிடி நெல், பாதி தின்ற தேங்காய்ச் சில்லு, பக்கத்தில் சென்சார் வயர் துண்டு துண்டாக. புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், நாஃப்தலின் உருண்டை போடுகிறார்கள், கொஞ்ச நாள் கேட்கும். எனக்கு உதவியது இரவில் பானட்டைத் திறந்து வைத்ததுதான், மறைவும் கதகதப்பும் இல்லாத இடத்தில் அது தங்க மாட்டேன் என்கிறது. மழை நாளில் முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி எடுத்துவிட்டதா? உடனே ரேஸ் கொடுத்து உறுமாதீர்கள். ஆயில் அடித்தட்டில் இருந்து மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கொடுங்கள். அதற்காகக் காபி குடித்து முடிக்கும் வரை வாசலில் உறும விடவும் தேவையில்லை, நின்று ஓடும் இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். கிளம்பி, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்றை ஒட்டியே இருக்கும்படி நிதானமாக ஓட்டுங்கள். ஆயில் டின்னில் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய குளிரில் ஆயில் இளக்கமாக ஓடும். புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். இன்னொன்று, கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் போய் வருவதில் செல்ஃப் எடுத்த கரண்டே திரும்ப ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி, முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டுங்கள். தஞ்சாவூர் வரை ஒரு வேலையை வைத்துக்கொண்டால் ஆயிற்று.

நிஜமான குளிருக்கு இந்த வண்டியை எடுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள், பொங்கல் லீவில் ஊட்டிக்கு. ஜனவரியில் அங்கே உறைபனி விழும், தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். அங்கே பேட்டரி முழு பலத்தைக் கொடுக்காது, இங்கே திணறும் பேட்டரி அங்கே படுத்தே விடும். டீசல் உறையுமோ என்று பயப்பட வேண்டாம், அது லடாக் மாதிரி இடத்துப் பிரச்சினை. அதற்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. ஊட்டியில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது ரேடியேட்டரில். இங்கே போர் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியிருப்போம், வெறும் தண்ணீர் உறைந்தால் விரிந்து ரேடியேட்டரையே பிளக்கும். மலை ஏறும் முன் அதை இறக்கிவிட்டுப் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். வைப்பரை முந்தின இரவே கண்ணாடியை விட்டுத் தூக்கி வையுங்கள். காலையில் கண்ணாடி மேல் படிந்த பனிக்கட்டியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுக்கலாம். வெந்நீர் ஊற்றாதீர்கள். என் மைத்துனர் ஹோட்டலில் வாங்கி ஒரு சொம்பு ஊற்றினார், விரிசல் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மேட்டுப்பாளையம் இறங்கி வருவதற்குள் மறு ஓரத்தைத் தொட்டுவிட்டது.